காணிக் குடியிருப்புகளில் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம் மலையில் காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி பக்கம் வாழும் காணிப் பழங்குடி மக்களிடையே அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு உதவப் போகிறவர்கள் முதலில் சறுக்குவது மொழியில்தான். வீட்டில் அவர்கள் பேசுவது தமிழும் மலையாளமும் கலந்த காணிப் பேச்சு. நாம் அம்பாசமுத்திரத்துத் தமிழில் வேகமாகக் கேட்போம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உடனே ‘ஒண்ணும் தெரியாது’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். டிராபிக் சிக்னல் படத்தைக் காட்டினால் காட்டுக்குள் வளர்ந்தவர் என்ன சொல்வார்? எந்தக் கிழங்கை எப்போது தோண்டலாம், ஆற்றில் தண்ணீர் கூடினால் எந்தப் பக்கம் போகக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். அறிவுத்திறனைச் சோதிக்கும் உளவியலாளரிடம், வீட்டு மொழி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அந்தப் பேச்சு தெரிந்த உறவினர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆனால் பதிலையும் அந்த உறவினரே சொல்லிவிடக் கூடாது. முப்பது வயது ஆளை நிறுத்தி வைத்துக்கொண்டு, அம்மாவிடம் ‘இவன் தானா சாப்பிடுவானா?’ என்று கேட்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவரிடமே கேளுங்கள். பதில் வர நேரமாகும், பொறுத்திருங்கள்.

அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்று நினைத்துக் கோயில் கோயிலாக அலைவதும், கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்பதும் வேண்டவே வேண்டாம். அதனால் இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து பாழாகிறது.

அலைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டி, பஸ் பிடித்து அலுவலகத்துக்கு வருகிறவரிடம் ‘போட்டோ இல்லையா, நாளைக்கு வாங்க’ என்றால் அன்றைய கூலியும் போச்சு, அடுத்த முறை வரவும் மாட்டார். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாவற்றையும் முந்தைய நாளே குடியிருப்பில் வைத்துச் சரிபாருங்கள். யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வாங்கியதோடு நின்றுவிடாமல் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கும் எழுதிக் கொடுங்கள். அது மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தாமாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து அந்த உரிமையைப் பெற வேண்டும். ‘எங்க காலத்துக்கு அப்புறம்’ என்ற பேச்சு வரும் வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், மலைக்குக் கீழே ஏதாவது பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்ற யோசனை வந்தால், முதலில் இரண்டு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஓடைச் சத்தமும் தெரிந்த முகங்களும் இல்லாத இடத்தில் அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.