படம் அச்சுக்குப் போகும் முன் எழுதி வாங்குங்கள்

கும்பகோணத்தில் ஒரு மளிகைக் கடைச் சுவரில் என் தேரோட்ட ஓவியம் காலண்டராகத் தொங்கியது. இரண்டு வருடம் முன்னால் ஒரு நாவலின் அட்டைக்காக அதை ஒரு பதிப்பகத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கொடுத்திருந்தேன். பதிப்பகத்தாரிடம் கேட்டதற்கு, "அதான் அப்பவே வாங்கிட்டோமே சார்" என்றார்கள். பேச்செல்லாம் போனில்தான் நடந்தது. என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதற்குப் பிறகு பழகிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், கேட்பது நீங்கள் ஏற்கெனவே வரைந்த படமா, அவர்களுக்காகப் புதிதாக வரையப்போவதா என்று பாருங்கள். ஏற்கெனவே வரைந்தது என்றால் பதிப்புரிமை, அதாவது படத்தை அச்சடிக்கவும் நகலெடுக்கவும் உள்ள உரிமை, உங்களுடையது. கேன்வாஸை விற்றிருந்தாலும் வாங்கியவருக்குப் போவது கேன்வாஸ் மட்டும்தான். காசு கொடுத்து வரையச் சொன்னால் கதை வேறு. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரையச் சொன்னவரே ஓவியத்தின் முதல் உரிமையாளர். நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். பென்சில் ஸ்கெட்ச் அனுப்பும் முன்பே, "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், இந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எந்தப் பயன்பாடு என்பதையும் பிட்டுப் பிட்டு எழுதுங்கள்: அட்டையா, உள்பக்கமா, எத்தனை பிரதி, மின்னூலும் சேர்த்தியா, எத்தனை வருடம், எந்த நாடுகளில். வருடத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று கொள்ளும். "எல்லா உரிமைகளும்" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை.

விலைக்கு என் வழக்கம் இது. அட்டைக்கு முதல் 1,000 பிரதிகள்வரை ஒரு தொகை. மறுபதிப்பு ஒவ்வொன்றுக்கும் அதில் பாதி. காலண்டர், டைரி, துணிப்பை என்றால் பிரதிக்கு இவ்வளவு என்று பேசுவேன். நாவலை வாங்குகிறவர் கதைக்காக வாங்குகிறார். காலண்டரில் நம் படம்தான் சரக்கு. 10,000 காலண்டர் அடித்தால் பிரதிக்கு ஒரு ரூபாய் கேட்பது பேராசை இல்லை. "உங்கள் பேரைப் போடுகிறோம்" என்பதைக் கூலியாக ஏற்காதீர்கள். படம் நம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவின்கீழ் நமக்கு உண்டு.

கேட்காமல் போட்டுவிட்டார்களா? போனில் சண்டை வேண்டாம். அச்சகத்தின் பெயர் தெரியும்படி போட்டோ எடுங்கள், ஒரு பிரதியை விலைக்கு வாங்கி ரசீதோடு வையுங்கள். அப்புறம் ஸ்பீடு போஸ்டில் கடிதமும் பில்லும் அனுப்புங்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யாத படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. ஆனாலும் தகராறு வரும்போது பதிவுச் சான்றிதழ் கைகொடுக்கும். தேதியோடு கூடிய ஸ்கெட்ச்களையும் தூக்கிப் போடாதீர்கள்.

தேரோட்டத்துக்கு நானும் அப்படித்தான் பில் அனுப்பினேன். படம் எனக்காகவே வரைந்தது, உரிமையை எழுதிக் கொடுத்ததும் இல்லை என்று கடிதத்தில் சொன்னேன். மூன்று மாதம் கழித்து 7,000 ரூபாய் வந்தது. அடுத்த வருடக் காலண்டருக்கு அச்சடிக்கும் முன்பே அனுமதி கேட்டு எழுதினார்கள்.