எழுதாத கோடு பேப்பர ஃப்ரேம் போடுறது எப்படி

எங்க வேலூர பத்தி ஒரு பழைய நக்கல் உண்டு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு. ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டாரு, நக்கல் மட்டும் இன்னும் போகல. அந்த வரிசைல எழுத்தில்லாத நோட்டையும் நான் சேத்துட்டேன், செவுத்துல மாட்டுறதுக்கு.

முதல்ல பேப்பர். முழுப்பரீட்சை முடிஞ்சதும் பசங்க பையத் தேடுங்க, வருஷம் பூரா தொறக்காத நீதிபோதனை நோட்டு ஒண்ணு கண்டிப்பா கெடைக்கும். கிழிக்கக் கூடாது, நடுப்பக்கத்துல மடங்கி இருக்கிற பின்ன ஸ்பூன் காம்பால நிமித்தி எடுத்தா ஜோடி பேப்பரா முழுசா வந்துடும். என் ஓட்டு நாலு கோடு நோட்டுக்குத்தான், செவப்பு நீலம் நீலம் செவப்புன்னு அது ஓடுற அழகே வேற. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் ஓகே.

இப்ப காலைல ஜன்னல் கிட்ட சாய்ச்சுப் புடிச்சிப் பாருங்க. பின்பக்கத்துக் கோடு லேசா தெரியும், முன்பக்கத்தோட ஒட்டாம ஒரு நூல் தள்ளி ஓடும், சில எடத்துல மை பத்தாம கோடு மங்கி மறுபடி வரும், அந்தப் பிசிறு இருக்கிற தாளத்தான் எடுக்கணும், சுத்தமா இருக்கிறத ஒதுக்கி வச்சிடுங்க. அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டின் ஆறடிக்கு ஆறடி கேன்வாஸ்ல ஸ்கேல் வச்சி பென்சில் கோடா போட்டாங்க, பரோடால பாடம் எடுத்த நம்ம நாட்டு ஓவியர் நஸ்ரீன் முகமதி (1937-1990) பேப்பர்ல மையாலயும் பென்சிலாலயும் போட்டாங்க, அவங்க கோட்டுல கிட்டப் போய் பாக்கிறது கை நடுக்கத்தத்தானே. நம்ம நோட்டுல மிஷினோட நடுக்கம், அவ்ளோதான்.

ஃபெவிகால் தடவவே கூடாது, காஞ்சதும் சுருங்கிடும். மேல ரெண்டு மூலைல மட்டும் சின்னதா பேப்பர் டேப், கீழ ஃப்ரீயா விடுங்க. சுத்தி மவுன்ட் போர்டு, அதாவது நடுவுல வெட்டின தடி அட்டை வெச்சா கண்ணாடி பேப்பர் மேல படாது, இல்லன்னா மழைக்காலத்துல ஒட்டிக்கும். வெயில் விழுற செவுரு வேண்டாம், நம்மூரு வெயில்ல பேப்பர் மஞ்சளாகி கோடு வெளுத்துடும்.

ஃப்ரேம் கடைல, "இன்னாபா, படத்த வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா"ன்னு கேட்டாரு. இதான்ணா படம்னேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம அளவெடுத்தாரு. குடுக்கும்போது பின்னாடி பென்சில்ல ‘மேல்’னு எழுதிடுங்க. நான் எழுதல, தலைகீழா வந்துச்சு, அப்படியே மாட்டிட்டேன், இதுவரைக்கும் கண்டுபுடிச்சது ரெண்டாவது படிக்கிற அண்ணன் பொண்ணு மட்டும்தான்.