‘இப்’, ‘இல்’ இல்லாமல் பிள்ளைகளை வாசிக்கப் பழக்குவது எப்படி?

எங்கள் வீட்டுப் பையன் ஐந்து வயதில், சுவரில் மாட்டிய அட்டையைப் பார்த்து 247 எழுத்துகளையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஒரு நாள் சிலேட்டில் ‘பல்’ என்று எழுதிக் காட்டினேன். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ப, இல்... பயில்” என்றான். அவன்மேல் குற்றம் இல்லை. மெய்யெழுத்தைத் தனியே ஒலிப்பது கடினம் என்பதால் ‘இக், இங், இச்’ என்று இகரத்தைத் துணைக்கு வைத்துச் சொல்லிக்கொடுப்பது நம் வழக்கம். எழுத்தின் பெயருக்கு அந்த இகரம் உதவும்; எழுத்தைக் கூட்டி வாசிக்கும்போது அதுவே குறுக்கே நிற்கும்.

ஆகவே முதல் வேலை, பிள்ளைக்கு எழுத்தின் பெயரைக் காட்டிலும் அதன் ஒலியைப் பழக்குவது. அதையும் எழுத்தைக் காட்டாமல், காதிலிருந்தே தொடங்க வேண்டும். ‘அம்-மா’ என்று இரண்டு முறையும் ‘கு-தி-ரை’ என்று மூன்று முறையும் கைதட்டச் சொல்லுங்கள். ‘ம’ என்று தொடங்கும் சொற்களை மாறி மாறிச் சொல்லி விளையாடுங்கள். மரம், மணி, மயில் என்று அடுக்கப் பிள்ளைகளுக்கு அதிக நேரம் ஆகாது. ‘படம்’ என்றால் கைகளை ஒட்டிவைத்தும் ‘பாடம்’ என்றால் அகல விரித்தும் காட்டச் சொன்னால், குறிலும் நெடிலும் இலக்கணச் சொற்களாக அறிமுகமாகும் முன்பே காதில் பதிந்துவிடும். இரண்டு மூன்று வாரங்கள் இப்படியே போனாலும் கவலை வேண்டாம்.

எழுத்துகளை அகர வரிசையில் அறிமுகப்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அகராதி பார்க்கும் வயதில் அந்த வரிசை தேவைப்படும். ஆறு வயதில், சொல்லாகச் சேரக்கூடிய எழுத்துகள்தாம் தேவை. ப, ட, ம, க, ல என்ற ஐந்தையும் ம், ல் என்ற இரண்டு மெய்களையும் எடுத்துக்கொண்டால் படம், பல், கல், கடல், பகல், பலம் என ஆறு சொற்கள் உடனே கைக்கு வந்துவிடுகின்றன. முதல் மெய்களாக இவ்விரண்டையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ம், ல் ஆகியவற்றின் ஒலியை மூச்சு உள்ளவரை இழுக்கலாம். க், ட், ப் போன்றவற்றை இழுக்க முடியாது. ‘ப’ அட்டையை இடப்பக்கமும் ‘ல்’ அட்டையை ஒரு சாண் தள்ளி வலப்பக்கமும் வையுங்கள். ‘ப’ அட்டையில் விரலை வைத்து ‘பஅஅஅ’ என்று குரலை நிறுத்தாமல் இழுத்தபடியே விரலை நகர்த்தி, ‘ல்’ அட்டையைத் தொடும் கணத்தில் நாக்கை மேலே ஒட்டுங்கள்: ‘பஅஅல்’. நடுவில் குரல் அறுபடாமல் இருப்பதுதான் இதில் முக்கியம், ஏனெனில் குரல் அறுபடும் இடத்தில்தான் அந்த ‘இ’ நுழைகிறது. பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தை வெட்டினாலே போதும். கடையில் அட்டை வாங்க வேண்டியதில்லை.

வல்லின மெய்களை இரட்டித்து வரும் சொற்களில் அறிமுகப்படுத்துவது எளிது. பட்டம், வட்டம், பக்கம் போன்ற சொற்களில் ‘ட்’, ‘க்’ ஆகியவற்றைத் தனியே ஒலிக்காமல் முன்னெழுத்தோடு ஒட்டி, ‘பட்’ என்று ஒரு நொடி நின்று, பிறகு ‘டம்’ என்று முடிக்கச் சொல்லுங்கள். அடுத்துத் துணைக்கால் வந்தால் வாசிப்பு சூடுபிடிக்கும்: பாப்பா, தாத்தா, மாமா, காக்கா, பால், வால். “தாத்தா, பட்டம் தா” என்ற முழு வாக்கியத்தை ஒரு பிள்ளை தானாகக் கூட்டி வாசித்துவிட்டுத் தாத்தாவைத் திரும்பிப் பார்ப்பதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ககரம் ‘கல்’லில் ஒரு விதமாகவும் ‘பகல்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் வேறு விதங்களிலும் ஒலிப்பதைப் பற்றிப் பெற்றோர் பலர் கவலைப்படுகிறார்கள். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த விதியைச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தச் சொல் முன்பே காதுக்குப் பழக்கமானதால் அது தானே திருத்திக்கொள்ளும். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லையே பலமுறை ஒலித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு இதைவிடப் பெரிய சிக்கல். ‘பால்’ என்று எழுதியிருப்பதைப் பிள்ளை ‘பாலு’ என்றும் ‘கல்’ என்பதை ‘கல்லு’ என்றும் வாசிக்கும். பொருள் விளங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்பதால், தவறு என்று தலையில் குட்டாதீர்கள். “ஆமாம், பாலுதான், எழுதும்போது ‘பால்’ என்று நிறுத்திவிடுவோம்” என்று சொல்லிக் கடைசி எழுத்தின் புள்ளியைத் தொட்டுக் காட்டினால் போதும்.

உயிர்க்குறிகளில் துணைக்காலுக்குப் பின் இகர, ஈகாரக் குறிகளைக் கற்பிக்கலாம். உகர வரிசைக்குச் சற்றுப் பொறுமை தேவை, ஏனெனில் கு, சு, து மூன்றிலும் உகரம் மூன்று வடிவங்களில் வருகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குழு. சு, பு, யு, வு முதலியவை ஒரு குழு. து, நு, று, னு முதலியவை ஒரு குழு எனப் பிரித்து, ஒரு குழு நன்றாகப் பழகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். கொம்பு வரும் எழுத்துகளில் கண் முதலில் காண்பது கொம்பையே என்றாலும் அதன் ஒலி பின்னால்தான் வருகிறது. ‘பெட்டி’ என்ற சொல்லில் முதலில் விரலைப் பகரத்தின்மேல் வைத்து, பிறகு பின்னால் வளைத்துக் கொம்பைத் தொட்டு, ‘பெ’ என்று ஒலிக்கப் பழக்குங்கள். பிறகு ‘தொப்பி’ போன்ற சொற்களில் கொம்பும் காலும் எழுத்தை இருபுறமும் அணைத்து நிற்பது அவ்வளவாகக் குழப்பாது. ஔகார வரிசையைக் கடைசிக்கு ஒதுக்கிவிடலாம்; அதில் வரும் சொற்களும் குறைவு. (பாட்டி வீட்டுப் பழைய புத்தகத்தில் லை, னை, றா போன்றவை வேறு வடிவில் இருந்தால் பிள்ளை திகைக்கும். தமிழ்நாட்டில் இன்றைய வடிவங்கள் 1978 அரசாணைக்குப் பிறகே பாடநூல்களுக்கு வந்தன என்று சொல்லிக் கடந்துவிடுங்கள்.)

த–ந, ன–ண, எ–ஏ போன்று சாயல் ஒத்த எழுத்துகளை ஒரே நாளில் காட்டாதீர்கள். ல, ள, ழ வேறுபாட்டை வாய் ஒலிக்கத் தாமதமானால் வாசிப்பை நிறுத்தவும் வேண்டாம்.

பிள்ளை உண்மையிலேயே வாசிக்கிறதா, படத்தைப் பார்த்து ஊகிக்கிறதா என்பதை அறிய, படத்தைக் கையால் மறைத்துவிட்டுச் சொல்லை மட்டும் காட்டுங்கள். ‘டமல்’, ‘கபம்ட’ என்று பொருளற்ற சொற்களை எழுதிக் கொடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும். பிள்ளைகள் இதைச் சிரித்துக்கொண்டே செய்வார்கள். தடுமாறும் எழுத்தை மட்டும் மறுநாள் அட்டையில் எடுத்துவையுங்கள்.

நாளொன்றுக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே எட்டு வயதுக்குள் பொருளுணர்ந்து வாசிப்பதைத்தான் இலக்காக வைத்தது. நான்கு வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்கிறது என்று உங்கள் பிள்ளையை விரட்ட வேண்டியதில்லை. பிள்ளை கொட்டாவி விட்டால் அட்டைகளை எடுத்துவைத்துவிட்டு, அன்றைக்கு நீங்கள் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள், விரலைச் சொற்களின் கீழே ஓட்டியபடி.