ஈறில் சீழ் வந்தால் அது ஈறு நோய்தானா? பல் நரம்பும் ஈறும் சேர்ந்து கெடும்போது நாம் செய்யும் தவறுகள்

கடைவாய்ப் பல்லை ஒட்டி ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம். அழுத்தினால் சீழ் வருகிறது, வாய் நாறுகிறது, ஆனால் வலி பெரிதாக இல்லை. இதைப் பார்க்கிற எவரும் ஈறு கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். வேப்பங்குச்சி, உப்புத் தண்ணீர், ஈறுக்கான பேஸ்ட் என்று மாதங்கள் ஓடும். அந்தச் சீழ் பல்லுக்குள்ளே இறந்துபோன நரம்பிலிருந்து வந்திருக்கலாம். ஈறிலிருந்தே வந்திருக்கலாம். இரண்டும் ஒன்றாகிப்போன இடத்திலிருந்தும் வந்திருக்கலாம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தொடங்கும் வைத்தியம் அந்தப் பல்லின் ஆயுளைக் குறைக்கக்கூடும்.

பல்லின் நடுவில் இருப்பது பற்கூழ். நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த மென்மையான திசு அது. வேரின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் அதற்கு இரத்தம் வருகிறது. பல்லின் வெளியே ஈறும் தாடை எலும்பும், வேரை எலும்போடு பிணைக்கிற தசைநார்களும் இருக்கின்றன. உள்ளேயும் வெளியேயும் தனித்தனி உலகங்கள் போலத் தெரிந்தாலும் இடையில் வழிகள் உண்டு. முதல் வழி நுனித் துளை. பல வேர்களில் பக்கவாட்டிலும் நுண்ணிய கிளைக் கால்வாய்கள் பிரிகின்றன. கடைவாய்ப் பற்களில் வேர்கள் பிரியும் கவட்டிலும் இவை இருக்கலாம். வேரின் மேல்தோலான சிமெண்டம் தேய்ந்துவிட்டால், அதன் அடியில் ஏறக்குறைய 1 முதல் 3 மைக்ரான் அகலமுள்ள குழல்கள் ஆயிரக்கணக்கில் திறந்து நிற்கும். பாக்டீரியா நுழைய அது போதும்.

சொத்தை ஆழமாகி நரம்பு இறந்தால், அங்கே பெருகும் கிருமிகள் இந்த வழிகளில் வெளியே வந்து எலும்பைக் கரைக்கும். சீழ் வேரை ஒட்டியே மேலேறி ஈறின் விளிம்பில் வெளிவந்தால், பார்க்க அச்சு அசலாக ஈறு நோய்தான். மறுபக்கம், பல்லில் காரை படிந்து, ஈறு வேரை விட்டு விலகி, எலும்பு மெல்ல மெல்ல இறங்கும்போது நோய் வெளியிலிருந்து உள்ளே போகிறது. ஆனால் பற்கூழ் லேசில் சாவதில்லை. நுனித் துளைவரை நோய் எட்டி இரத்த ஓட்டம் தடைபடும்வரை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. அதனால் ஈறு நோயால் நரம்பு செத்த பல்லில் எலும்பு ஏற்கெனவே நிறைய போயிருக்கும்.

1972-இல் சைமன், கிளிக், ஃபிராங்க் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள், நோய் முதலில் எங்கே தொடங்கியது என்பதை வைத்து பல் நரம்பையும் ஈறையும் தொடும் இந்தப் பாதிப்புகளை ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். 2018-இல் வெளியான உலகளாவிய வகைப்பாடு வேறு இரண்டு கேள்விகளை முன்னே வைக்கிறது. வேரில் விரிசலோ ஓட்டையோ உண்டா? ஈறு எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது? இந்த மாற்றம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். நாள்பட்ட பல்லில் முதலில் கெட்டது எது என்று பல நேரம் கண்டுபிடிக்கவே முடியாது. பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் நோயாளிக்குத் தேவையான பதில்.

வலி நின்றதைக் குணமானதாக எடுத்துக்கொள்வது

பல பற்களைக் கொண்டுபோவது இதுதான். இரவெல்லாம் தூங்கவிடாத பல்வலி திடீரென்று ஒருநாள் நின்றுவிடும். “தானா சரியாயிடுச்சு” என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். உண்மையில் நரம்பு இறந்துவிட்டது, அதனால்தான் வலியை உணர ஆளில்லை. அதேபோல ஈறில் சீழ் வெளியேற ஒரு வழி திறந்துகொண்டால் உள்ளே அழுத்தம் குறைந்து வலி போய்விடும். கொப்புளம் வருவதும் மறைவதுமாக இருக்கும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும்.

மாத்திரையிலேயே காலம் தள்ளுவது

மருந்துக் கடையில் “பல் வீக்கம்” என்று சொல்லி அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் மிக அதிகம். இறந்த பற்கூழில் இரத்த ஓட்டம் கிடையாது. ஓட்டம் இல்லாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்? சுற்றியுள்ள வீக்கம் வடியும், ஊற்று அப்படியே இருக்கும், சில வாரங்களில் மறுபடி வீங்கும். காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருக்கும்போது மருத்துவரே இந்த மருந்துகளை எழுதுவார். அப்போதும் அது பல்லைத் திறந்து சுத்தம் செய்யும் வேலைக்குத் துணைதான்.

வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் வேண்டாம். ஆஸ்பிரின் பட்ட இடம் வெந்து வெள்ளையாகிவிடும். புகையிலைப் பொடி வைத்து வலியை மரக்கவைப்பது அதைவிடக் கெடுதல்.

“சொத்தையே இல்லையே, எதற்கு ரூட் கெனால்?”

ரூட் கெனால் என்பது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேரின் உட்பகுதியைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை. நியாயமான சந்தேகம்தான். ஆனால் சொத்தை இல்லாமலும் நரம்பு சாகும். சிறுவயதில் கீழே விழுந்து அடிபட்ட முன்பல், கொட்டைப்பாக்கு கடித்து விரிசல் விட்ட கடைவாய்ப் பல், எப்போதோ கேப் போட்டு மறந்துபோன பல் எல்லாமே உதாரணங்கள். சிலருக்கு மேல்தாடையின் நடுப்பற்களுக்குப் பக்கத்துப் பல்லில், அண்ணத்தைப் பார்த்த பக்கம், பிறவியிலேயே ஒரு பள்ளம் வேர்வரை ஓடும். கண்ணாடியில் தெரியாது. கிருமிகளுக்கு அதுவே படிக்கட்டு.

ஆகவே பல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நம்பாமல் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்ப்பார்கள். நலமான பல் சட்டென்று கூசி, சில நொடிகளில் அடங்கும். கூச்சம் நெடுநேரம் நின்றால் நரம்பு மீளமுடியாத அழற்சியில் இருக்கிறது எனலாம். உணர்ச்சியே இல்லையென்றால் பெரும்பாலும் இறந்துவிட்டது. பல வேருள்ள பல்லில் ஒரு வேரின் நரம்பு செத்து மற்றது உயிரோடிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், கேப் போட்ட பல்லிலும் அப்படியே. அதனால் இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

அடுத்தது, அளவுக் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறின் ஆழத்தைப் பல்லைச் சுற்றி அளப்பது. 3 மில்லிமீட்டர்வரை இயல்பு. சுற்றிலும் இயல்பாக இருந்து ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி சட்டென்று ஆழமாக இறங்கினால் நரம்பிலிருந்து வந்த சீழையோ வேர் விரிசலையோ சந்தேகிக்க வேண்டும். பல பற்களில் அகலமாக ஆழம் இருந்தால் ஈறு நோயின் பக்கம் தராசு சாய்கிறது. கொப்புளத்தின் துளை வழியே கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் ஆன மெல்லிய குச்சியைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால், சீழ் எந்த வேரிலிருந்து புறப்படுகிறது என்பதே படத்தில் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பதினைந்து நிமிடப் பொறுமை போதும். இவை எதுவும் செய்யாமல் நேராகச் சிகிச்சை தொடங்கினால், “நரம்பு உயிரோட இருக்கான்னு பாத்தீங்களா டாக்டர்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வரிசையை மாற்றிச் செய்வது

நரம்பும் இறந்து ஈறும் விலகியிருந்தால் முதலில் நரம்பின் பக்கம்தான் போக வேண்டும். பாதிப்பு முழுக்க நரம்பால் வந்ததென்றால், ரூட் கெனால் செய்து சில மாதம் காத்திருந்தாலே பெரும்பாலும் ஈறு ஒட்டிக்கொண்டு எலும்பு வளர்ந்துவிடும். அப்போது ஈறில் கை வைக்கவே வேண்டியிராது. அதற்குமுன் அவசரப்பட்டு வேரை ஆழமாகச் சுரண்டினால், திரும்ப ஒட்டக் காத்திருந்த தசைநார் இழைகளும் சிமெண்டமும் போய்விடும். பல்லில் ஈறோரம் படிந்த காரையை மேலோட்டமாக எடுப்பதில் தவறில்லை. ஆழமான சுத்தமும் ஈறு அறுவையும் இரண்டு மூன்று மாதம் கழித்து, மறுபடி அளந்து பார்த்தபின் முடிவாக வேண்டும்.

ரூட் கெனாலோடு கதை முடிந்தது என்று கிளம்பிவிடுவதும் இதே தவறின் மறுபாதி. ஈறு நோய் உண்மையாகவே சேர்ந்திருந்தால், நரம்பால் போன எலும்பு திரும்பும், ஈறு நோயால் போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. பல் எத்தனை நாள் நிற்கும் என்பதை இந்த இரண்டாவது பங்குதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் “ரூட் கெனால் பண்ணியும் பல்லு ஆடுது” என்ற புகார் வருகிறது. நரம்புச் சிகிச்சை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வேரைப் பிடித்துக்கொள்ள எலும்பு வேண்டும்.

“ஸ்கேலிங் பண்ணினா பல்லு ஆடும்” என்ற பயம் இங்கே வந்து குறுக்கே நிற்கும். காரை எடுத்தபின் பல் ஆடுவது தெரிகிறதென்றால், எலும்பு முன்பே போய்விட்டது. காரைதான் அதுவரை அதை மறைத்துக்கொண்டிருந்தது.

ரூட் கெனால் முடித்த கடைவாய்ப் பல்லுக்கு கேப் போடாமல் விடுவது இன்னொரு சிக்கல். அந்தப் பல் கடிக்கும்போது பிளக்கலாம். வேர் நெடுக்காக வெடித்துவிட்டால் அந்த வேரைக் காப்பாற்ற அநேகமாக வழியில்லை. ஒற்றை வேர்ப் பல்லென்றால் எடுப்பதுதான் முடிவு.

சர்க்கரையையும் புகையிலையையும் சொல்லாமல் மறைப்பது

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வேகமாகப் போகும், புண் ஆறவும் நாளாகும். ஈறு அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்குகிறது. பல் மருத்துவரிடம் மூன்று மாதச் சராசரி அளவைக் காட்டுங்கள். புகைப்பவர்களுக்கு ஈறில் இரத்தக் கசிவு குறைவாக இருப்பதால் நோய் இருப்பதே தெரியாமல் போகும். ரத்தம் வரவில்லை, ஈறு நலம் என்று அவர்கள் எண்ணிவிடக்கூடாது.

ஆடுகிற பல்லை உடனே பிடுங்கிவிடச் சொல்வது

செலவுக்குப் பயந்தே பலர் இதைக் கேட்கிறார்கள், அது புரிகிறது. நரம்பால் சீழ் கட்டிய பல் தற்காலிகமாக ஆடும். சீழ் வடிந்து எலும்பு திரும்பினால் மறுபடி இறுகும். நரம்பைச் சோதிக்காமல் ஆட்டத்தை மட்டும் வைத்து எடுத்துவிட வேண்டாம். சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, இலங்கையில் பேராதனை பல் போதனா வைத்தியசாலை போன்ற இடங்களில் நரம்புக்கும் ஈறுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இரண்டு பிரிவும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பது இந்த நோய்க்கு மிகவும் உகந்தது. தனியார் கிளினிக்கைவிடச் செலவும் வெகுவாகக் குறையும்.

எவ்வளவு முயன்றாலும் காப்பாற்ற முடியாத பற்களும் உண்டு. எலும்பு நுனிவரை போய்விட்டால், வேர் வெடித்துவிட்டால், எடுத்துவிடுவதே பக்கத்துப் பற்களுக்கு நல்லது.

காய்ச்சலும் பரவும் வீக்கமும் தவிர, இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் நாள் குறித்துப் போகலாம். தாடைக்கு அடியில் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கச் சிரமமோ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் காலையில் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக்கூடாது. சீழ் கழுத்துப் பக்கம் இறங்கி மூச்சுக்குழாயை நெருக்கக்கூடும். எந்த நேரமானாலும் அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள், இலங்கையில் 1990.