குழந்தை மாமியார் வீட்டில் இருக்கும்போது அப்பா செய்ய வேண்டியவை

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அதனால் பல புது அப்பாக்களுக்கு முதல் மூன்று மாதம் சனி, ஞாயிறு மட்டும்தான் குழந்தை கையில் கிடைக்கும். வெள்ளி இரவு பஸ் ஏறி, பழப்பையோடு போய் இறங்கி, கூடத்தில் காபி குடித்து, குழந்தை சிணுங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டால் நீங்கள் விருந்தாளிதான். “ஏதாவது செய்யட்டுமா அத்தை?” என்று கேட்டால், “நீங்க உக்காருங்க மாப்பிள்ளை” என்றுதான் பதில் வரும். ஆகவே கேட்காதீர்கள். ஏப்பம், ராத்திரித் துணி, அலுவலகக் காகிதம் மூன்றும் உங்கள் பொறுப்பு என்று முதல் வாரமே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்பம்

பால் குடித்து முடித்ததும் குழந்தையை வாங்கி, தாடை உங்கள் தோளின் மேல் வரும்படி நிமிர்த்திச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு கை பிட்டத்தின் கீழ், இன்னொரு கை கழுத்துக்கும் முதுகுக்கும். விரல்களைச் சற்றுக் குவித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் மெல்லத் தட்டுங்கள், அல்லது கீழிருந்து மேலாகத் தடவுங்கள். தோளில் ஒரு பழைய வேட்டித் துண்டு இருக்கட்டும். பத்து நிமிடத்தில் ஏப்பம் வராவிட்டால் விட்டுவிடலாம். ஒவ்வொரு தடவையும் வந்தே தீர வேண்டும் என்றில்லை. மடியில் உட்கார வைத்துச் செய்பவர்கள் செய்யும் தவறு, குழந்தை முன்னால் மடங்கி வயிறு அமுங்குவது. காற்றுக்கு முன் பால் வந்துவிடும். கொஞ்சம் கக்குவது சாதாரணம். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் பீய்ச்சி அடித்தாலோ உடனே மருத்துவமனை.

ராத்திரி

பச்சைக் குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். இரவில் எழுந்ததும் முதலில் துணியை மாற்றிவிட்டு அம்மாவிடம் கொடுங்கள். குடித்த பிறகு மாற்றினால் தூக்கம் கலையும், கால்களைத் தூக்கும்போது குடித்ததும் வெளியே வரும். பசியில் வீறிட்டால் மட்டும் ஒரு பக்கம் குடித்து மறுபக்கம் மாறும் இடைவெளியில் மாற்றுங்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். விளக்கைப் பளிச்சென்று போடாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள்.

ஈரத்துணிக் கணக்கை போனில் குறித்து வையுங்கள். “பால் பத்தலையோ” என்று வீடே கவலைப்படும்போது இந்தக் கணக்குதான் பேசும். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றிரண்டு தடவைதான் சிறுநீர் போகும். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நனைய வேண்டும். மலம் கருப்பில் தொடங்கி, பச்சையாகி, மஞ்சளுக்கு வந்துவிட வேண்டும். பிறந்த எடையில் 10 சதவீதம் வரை முதலில் குறைவது உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது திரும்பிவிடும். உடம்பு மஞ்சளாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ அன்றைக்கே போக வேண்டும். இளவெயிலில் காட்டுவது இதற்கு வைத்தியம் ஆகாது. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், வீட்டு மருந்து வேண்டாம்.

கிரிக்கெட்டோ, பாதியில் நிற்கும் வெப் சீரிஸோ பார்க்க ராத்திரி விழித்திருக்கும் நேரம் வசதிதான். ஆனால் இயர்போன் ஒரு காதில் மட்டும். குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்து பார்ப்பது படத்துக்கு அழகு, நிஜத்தில் ஆபத்து: உங்களுக்குக் கண் அசந்தால் குழந்தை இடுக்கில் சரிந்து மூச்சு அடைபடும். மல்லாக்க, கெட்டியான விரிப்பில், தலையணை இல்லாமல் கிடத்திவிட்டுப் பாருங்கள். தாலாட்டுத் தெரியாது என்ற கூச்சமும் வேண்டாம். மனப்பாடமான எந்த சினிமாப் பாட்டையும் வேகம் குறைத்து, ஒரே சுருதியில் முணுமுணுத்தால் போதும். தியேட்டருக்குத் தூக்கிப் போவதை மட்டும் தள்ளிப் போடுங்கள். அந்தச் சத்தம் பிஞ்சுக் காதுக்கு அதிகம்.

தூளி

கட்டும் வேலை மாப்பிள்ளையிடம் வருவது வழக்கம். பழைய பருத்திப் புடவைதான் நல்லது. நைலெக்ஸ், சில்க் முடிச்சு வழுக்கும். குழந்தையைப் போடும் முன் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்து ஆட்டிப் பாருங்கள். கொக்கி, ஸ்பிரிங், முடிச்சு எது சரியில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். தூளியின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், கீழே மெத்தை விரித்திருக்கட்டும். குறுக்குக் கட்டை கொடுத்தால் துணி முகத்தின் மேல் மூடாது. தூளியில் சிக்கல் விழுவது மட்டும் அல்ல, கழுத்து மடங்குவதும்தான். தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் நெரியும். அதனால் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தூளி. தூங்கியதும் தரை விரிப்புக்கு மாற்றுங்கள்.

பெரியவர்களோடு

சேனை வைப்பது (பிறந்ததும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது), மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வசம்பை உரைத்துப் புகட்டுவது, கண்ணுக்கு மை, குளித்ததும் சாம்பிராணிப் புகை என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் எதுவும் நடக்காது. வசம்பு வளையலைக் கையில் கட்டட்டும், வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருஷ்டிப் பொட்டு கன்னத்திலோ காலிலோ இருக்கட்டும், கண்ணுக்குள் மை வேண்டாம். விட்டுக்கொடுக்கக் கூடாதவை இரண்டு: ஒரு வயது வரை தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தைக்கு நரம்பு வாதத்தைக் கொண்டுவரும், மூக்கில் எண்ணெய் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கும். “டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டார் அத்தை” என்று பழியை டாக்டர் தலையில் போட்டுவிடுங்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற பத்தியத்தையும் இதே வழியில் மாற்றலாம். பால் சுரக்கும் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும்.

மனைவி சும்மா சும்மா அழுவது முதல் வாரத்தில் சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் “பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று விடாமல் டாக்டரிடம் பேசுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

காகிதங்கள்

பிறப்பைப் பதிவது குழந்தை பிறந்த ஊரில், உங்கள் ஊரில் அல்ல. மருத்துவமனையே தகவல் அனுப்பிவிடும். 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது வாங்கிய பிக்மி எண்ணையும் இருவர் ஆதாரையும் எடுத்து வையுங்கள். மருத்துவமனைப் படிவத்தில் உங்கள் பெயரும் மனைவி பெயரும் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன் ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்குப் பிறகு பல நாள் அலைய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயர் இல்லாமலே பதிந்து, ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான்.

பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை ஊசி மூன்றும் பிறந்தவுடனே. அடுத்தவை 6, 10, 14 வாரங்களில். அந்த நாட்களுக்கு இப்போதே லீவு சொல்லிவிடுங்கள். மத்திய அரசு ஊழியர் என்றால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஊசி போட்ட தொடையைத் தேய்க்காதீர்கள். பி.சி.ஜி. போட்ட தோளில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து உடையும், மருந்து தடவ வேண்டாம்.

குலதெய்வம்

முதல் கோயில் பயணத்துக்குத் தேதியை ஜோசியரோடு தடுப்பூசி அட்டையையும் பார்த்துக் குறியுங்கள். ஊசி போட்ட மறுநாள் வேண்டாம். திருவிழா நாளை விட்டுவிட்டு ஒரு சாதாரணக் கிழமையில், வெயிலுக்கு முன் போய்த் திரும்புங்கள். குழந்தையை ஆளாளுக்குக் கை மாற்றுவதும், வாயில் முத்தம் கொடுப்பதும்தான் அங்கே தொற்றுக்கு வழி, அதனால் தூக்கும் பொறுப்பு உங்களுடையது. விபூதியை நெற்றியில் பூசலாம், ஊதக் கூடாது. மொட்டை பிறகு அடிக்கும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைத்ததும் நாவிதர் புது பிளேடைப் பிரித்துப் போடுவதைக் கண்ணால் பாருங்கள். உச்சிக்குழி மூடாத தலை என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுங்கள். குழந்தை வயிறு நிறைந்து அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரம்தான் மொட்டைக்குத் தோது.