பயனாளிக்குத் திறக்காத இணையதளம்: தொண்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்திடம் இணையதளம் எதற்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நன்கொடை தருபவர்கள் கேட்கிறார்கள். சிஎஸ்ஆர் என்னும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு விண்ணப்பித்தால் தளத்தின் முகவரியைக் கேட்கிறார்கள். பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் ஊர்க்காரர் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்புகிறார். நியாயம்தான். ஆனால் அந்த ஒரு நோக்கத்தோடு தளம் கட்டும்போது, யாருக்காக அமைப்பு நடக்கிறதோ அவர் கணக்கிலேயே வருவதில்லை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேரில் முளைத்தவை.

ஓர் அமைப்பு மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரண முகாம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆத்தூரில் பார்வையற்ற ஒருவர், அம்மாபேட்டையில் காது கேளாத ஒரு தையல்காரர், சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையனின் தாய். மூவர் கையிலும் போன் இருக்கிறது. மூவருக்கும் தெரிய வேண்டியது: எந்தத் தேதி, எந்த இடம், என்னென்ன சான்று, யாரைக் கேட்பது. தளத்தில் இது இருக்கிறதா? இருக்கிறது, ஒரு போஸ்டருக்குள்.

போஸ்டர் என்கிற பூட்டு

அச்சகத்தில் வடிவமைத்த வண்ண நோட்டீஸை வாட்ஸ்அப்பில் வாங்கி அப்படியே தளத்தில் ஏற்றிவிடுவது எங்கும் நடக்கிறது. பார்வையற்றவர் தளத்தைத் திறந்ததும் அவருடைய போனிலுள்ள டாக்பேக் செயலி திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். போஸ்டருக்கு வந்ததும் 'படம்' என்று சொல்லி நகர்ந்துவிடும். அந்தப் படம் ஓர் இணைப்பாகவும் இருந்துவிட்டால், பல நேரம் கோப்பின் பெயரையே வாசிக்கும்: 'வாட்ஸ்அப் இமேஜ்' என்று தொடங்கி, ஆண்டு, மாதம், மணி, நிமிடம் என்று எண்களாக நீளும். தேதி கேட்டவருக்குத் தேதி கிடைக்கிறது. போஸ்டரை யாரோ ஃபார்வர்டு செய்த தேதி!

படத்திலுள்ள எழுத்தைப் பிரித்துப் படிக்கும் வசதி இப்போதைய போன்களில் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறதுதான். பூ வேலைப்பாட்டுக்கு நடுவே வளைத்து எழுதிய தமிழில் அது தடுமாறும். முகாம் 13-ஆம் தேதி என்பது 18 என்று ஒலித்தால், ஆத்தூர்க்காரர் பஸ் ஏறி வந்து பூட்டிய கதவைத்தான் தடவிப் பார்ப்பார்.

போஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் அடியில் அதே விவரத்தை எழுத்தாகத் தட்டச்சு செய்தால் போதும். மற்ற படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி, வேண்டும். படத்தை ஏற்றும்போது அதற்கென்று ஒரு கட்டம் திறக்கும், அதில் ஒரு வரி. 'பயனாளி படம்' என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். 'பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து காதொலிக் கருவியைத் தானே பொருத்திக்கொள்ளும் சிறுமி' என்றால் காட்சி வந்துவிட்டது. 'பரிதாபத்துக்குரிய சிறுமி' என்று எழுதுகிறவர்கள் உண்டு; அந்த வரியைக் காதில் கேட்கப்போவது இன்னொரு மாற்றுத்திறனாளி என்பதை நினைத்துக்கொள்ளவும். வெறும் அலங்காரக் கோடு, பூ என்றால் மாற்று உரையை வேண்டுமென்றே காலியாக விடலாம். அதுவே முறை.

முகப்பில் தானாக ஓடும் படவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுகிறார், பொன்னாடை பெறுகிறார், பொன்னாடை போர்த்துகிறார். மெதுவாகப் படிப்பவர் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் ஓடும் எதையும் நிறுத்துவதற்கு வழி இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறையான டபிள்யூசிஏஜியின் அடிப்படை விதிகளில் ஒன்று. என்னைக் கேட்டால் அந்தப் படவரிசையையே எடுத்துவிடலாம். விருந்தினரைத் தவிர வேறு யாரும் தேடப்போவதில்லை.

கண்ணுக்குத் தமிழ், காதுக்கு வேறு

தமிழ் போன்ற மொழிகளின் தளங்களில் காணும் ஒரு கோளாறு இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகளில் இதைத் தேடிப் பெரிதாகப் பயனில்லை. டிடிபி சென்டரில் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த அறிக்கையைத் தளத்தில் போடும்போது, எழுத்துரு சேர்ந்து வந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். அடியில் இருப்பது தமிழே இல்லை. பாமினியில் அடித்த 'சேலம்' என்ற சொல்லுக்குள் கணினி காண்பது என், ஆர், ஒய், கே என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். டாக்பேக் போலத் திரையைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் உளறும். பத்துப் பக்க ஆண்டறிக்கையும் இப்படியே ஒலித்தால் கேட்பவர் எத்தனை வரி பொறுப்பார்? ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் தமிழாகவே பதியும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்க்கவும், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். அறங்காவலர்கள் தயங்கினால் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்: பாமினியில் கிடக்கும் பக்கத்தைக் கூகுள் தேடலும் தமிழாகக் காணாது. உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

யுனிகோடில் இருந்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. வாங்கிய வார்ப்புருவில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று பதிந்திருக்கும். அதை நம்பி ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலைத் தமிழ் வரிகளின் மேல் ஏவும். சில குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டதும் மௌனமாகத் தாண்டிவிடும். பக்கத்தின் மொழிக் குறியைத் தமிழுக்கு மாற்றச் சொல்லி வடிவமைப்பாளரைக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் இதே குடும்பம்தான். கையெழுத்தும் முத்திரையும் தெரிய வேண்டும் என்று விண்ணப்பப் படிவத்தையே ஸ்கேன் செய்து போடுகிறார்கள். உள்ளே எழுத்து இல்லை, வெறும் படம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் 2017-இல் வந்த விதிகளே, தளங்களில் போடும் ஆவணங்கள் இபப் என்னும் மின்னூல் வடிவிலோ, படத்திலுள்ள எழுத்தைக் கணினி உணர்ந்து எழுத்தாக்கிய பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்றன.

நன்கொடைப் பக்கத்தில் நடப்பது

கொடையாளருக்காகவே கட்டிய தளம் என்றேன். கொடையாளரும் பார்வையற்றவராக இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றாததால், சறுக்கல் அங்கேயும் உண்டு. க்யூஆர் கட்டத்தை மட்டும் போட்டுவிட்டு 'ஸ்கேன் செய்க' என்று முடித்துவிடுகிறார்கள். போனில் தளத்தைப் பார்ப்பவர் அதே போனால் அதை எப்படி ஸ்கேன் செய்வார்? பார்வை உள்ளவருக்கே இது தொல்லை. யுபிஐ முகவரியையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் நகலெடுக்கக்கூடிய எழுத்தாகப் போடுங்கள்.

500, 1000, 2000 என்று அழகான கட்டங்கள் இருக்கும். மவுஸில் அழுத்தினால் வேலை செய்யும், கீபோர்டில் எட்டாது. சோதிக்க ஒரு எளிய வழி: மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையாலும் என்டர் விசையாலும் மட்டும் ஒரு நூறு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று திரையில் தெரிகிறதா? வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதுக்குக் கேட்கும் பான் எண் கட்டத்தை எட்ட முடிகிறதா? கை நடுங்குபவர்களும், மவுஸ் பிடிக்க முடியாதவர்களும், கீபோர்டையே நம்பும் பார்வையற்றவர்களும் அன்றாடம் போகும் வழி இதுதான்.

படிவங்களில் இன்னொரு பழக்கம், கட்டத்துக்குள்ளேயே வெளிர் எழுத்தில் 'பெயர்', 'யுடிஐடி எண்' (மாற்றுத்திறனாளிகளின் தனி அடையாள எண்) என்று எழுதிவைப்பது. தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். நடுவில் குழந்தை அழுது எழுந்துபோய் வந்தவருக்கு எது எந்தக் கட்டம் என்று தெரியாது. பெயர்ச்சீட்டைக் கட்டத்துக்கு வெளியே நிலையாக வையுங்கள். பிழை இருந்தால் சிவப்புக் கோடு மட்டும் போதாது, 'போன் எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்று எழுத்தில் சொல்ல வேண்டும். கோணல் எழுத்துகளைக் காட்டி 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்கும் கேப்சா ஒரு சிறு அமைப்புக்குத் தேவையே இல்லை.

இது தொண்டுள்ளத்தின் விஷயம் மட்டுமல்ல. வங்கிக் கணக்குக்காகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்ன அடையாளச் சரிபார்ப்பைத் தாண்ட முடியாமல்போன, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் ஒரு பார்வையற்றவரும் தொடுத்த வழக்குகளில், இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்ததே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சின்னதாகத் தெரிபவை

நிறம்: வெள்ளைப் பின்னணியில் மாம்பழ மஞ்சள் எழுத்து சேலத்துக்குப் பொருத்தம்தான், படிக்கத்தான் முடியாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். அந்த மஞ்சள் இரண்டைக்கூட எட்டாது. தலைப்புகள்: எழுத்தைப் பெரிதாக்கித் தடித்ததாக்கினால் அது தலைப்பாகிவிடாது. எழுதும் பெட்டியில் தலைப்பு என்ற தேர்வைச் சொடுக்க வேண்டும். என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரில் 'எச்' விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவிப் போகிறவருக்கு அதுதான் படிக்கட்டு. வீடியோ: யூடியூப் தானே போடும் தமிழ் வசன வரிகளை நம்பி விட்டுவிடாதீர்கள், ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் அது கொன்றுவிடும், உட்கார்ந்து திருத்துங்கள்.

'தொடர்புக்கு' என்று ஒரு கைபேசி எண் மட்டும் இருக்கிறது. அம்மாபேட்டைத் தையல்காரர் அதில் என்ன பேசுவார்? அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப்பும் அனுப்பலாம் என்று எழுதி, வந்தால் பதிலும் போட வேண்டும். வழி சொல்லும் இடத்தில் வரைபடத்தை மட்டும் ஒட்டாமல், புதிய பஸ் நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் போகும் பஸ், எந்த நிறுத்தம், இறங்கிய பின் எந்தக் கையில் கட்டடம் என்று எழுதுங்கள். அலுவலகம் மாடியில் இருந்து, லிஃப்ட் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பையனைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வரும் தாய்க்கு, கீழே ஒருவர் வந்து பார்ப்பார் என்ற வரி பெரிய உதவி. மலைக் கிராமங்களில் சிக்னல் வந்து வந்து போகும். பெரிய பெரிய படங்களாக நிரம்பிய பக்கம் அங்கே திறக்கவே திறக்காது.

நடையும் எளிதாகட்டும். 'மேற்படி விண்ணப்பதாரர் உரிய ஆவணங்களுடன் நேரில் ஆஜராக வேண்டும்' என்பதை 'ஆதார் அட்டையும் யுடிஐடி அட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்' என்றால் அறிவுசார் குறைபாடு உள்ளவர் மட்டுமல்ல, எல்லாரும் புரிந்துகொள்வார்கள்.

ஒட்டுப் பொத்தானும் ஓசியில் சோதனையும்

தளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு ஒரு பொத்தானை ஒட்டி, தளம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாகிவிட்டது என்று விற்கிறார்கள். இடிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் இது. மாற்று உரை இல்லாத போஸ்டர் அப்படியேதான் இருக்கும். அமெரிக்காவில் 2025-இல் இத்தகைய மென்பொருளைப் பற்றி மிகைப்படுத்திச் சொன்னதற்காக ஒரு நிறுவனத்தை அந்நாட்டு வர்த்தக ஆணையம் பத்து லட்சம் டாலர் கட்ட வைத்தது.

வேவ், லைட்ஹவுஸ் போன்ற இலவசச் சோதனைக் கருவிகளை ஓடவிடுங்கள், தவறில்லை. மாற்று உரை இருக்கிறதா என்று அவை சொல்லும், அது அர்த்தமுள்ளதா என்று சொல்லாது. அதற்கு ஆள் வேண்டும். ஸ்கிரீன் ரீடரோடு தினமும் வேலை செய்யும் ஒருவரை அழைத்து, 'முகாம் எப்போது என்று கண்டுபிடியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். போக்குவரத்துச் செலவும் ஊதியமும் கொடுங்கள். வடிவமைப்பாளருக்குப் பில் போட்டதும் கொடுக்கிறோம். இவரிடம் மட்டும் சேவை மனப்பான்மையை எதிர்பார்ப்பது ஏனென்று எனக்குப் புரிவதில்லை.

இவ்வளவும் செய்த தளம் ஆறே மாதத்தில் பழையபடி ஆகிவிடுவதும் உண்டு. புதிதாக வந்த தன்னார்வலரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தவர்கள் வேறெதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அடுத்த போஸ்டரை ஏற்றியிருப்பார். கடவுச்சொல்லோடு ஒரு தாளையும் கொடுங்கள்: அறிவிப்பை முதலில் எழுத்தாகத் தட்டச்சு செய்து ஏற்று, போஸ்டர் அதற்குப் பிறகு, படம் என்றால் மாற்று உரை, பாமினி கூடாது. தளத்தின் அடியில், 'ஏதாவது படிக்கவோ நிரப்பவோ முடியவில்லை என்றால் சொல்லுங்கள்' என்று ஒரு வரியும், அதைப் பார்த்துப் பதில் சொல்லப் பொறுப்பான ஒருவரின் எண்ணும் இருக்கட்டும்.