ஆஸ்பென் தோப்பைக் காக்கப் போய் அழித்துவிடும் தவறுகள்

வட அமெரிக்க மலைகளில் வளரும் ஆஸ்பென் மரங்களின் தோப்பில் நம் கண்ணுக்குத் தெரிபவை வெளிர்ந்த தண்டுகளும், சிறு காற்றுக்கும் படபடக்கும் இலைகளும்தான். உண்மையான மரம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரே வேர்த்தொகுதியிலிருந்து வாழையடி வாழையாக முளைத்து வரும் தண்டுகள் அனைத்தும் மரபணுவில் ஒன்றே. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஃபிஷ்லேக் தேசிய வனத்தில் உள்ள பாண்டோ தோப்பு சுமார் 43 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 47,000 தண்டுகளோடு நிற்கிறது. அத்தனையும் ஒற்றை உயிர். நலிந்துவரும் இத்தகைய தோப்புகளின் மீட்புப் பணியில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, வேரை மறந்து தண்டுக்கு வைத்தியம் பார்ப்பதில்தான் தொடங்குகின்றன.

காலம் கடத்துவது அவற்றில் மிகக் கொடியது. மேற்கு வட அமெரிக்க மலைகளில் காட்டுத்தீயை நெடுங்காலம் அணைத்தே வந்ததால், பல தோப்புகளில் ஆஸ்பெனின் நிழலில் முளைத்த ஃபர், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள் அதையே மூடிவிட்டன. ஆஸ்பென் நிழலைத் தாங்காது. தண்டுகள் பட்டுப்போகப் போக, அவற்றின் இலைகள் ஊட்டிவந்த வேர்களும் மெலிகின்றன. 2002 கடும் வறட்சிக்குப் பின் கொலராடோவில், குறிப்பாகத் தாழ்ந்த உயரங்களில் இருந்த தோப்புகள் விரைவாகச் சரிந்தன. மேலே தண்டுகள் பட்டதோடு கீழே வேர்களும் செத்திருந்ததால் பல இடங்களில் வேரிலிருந்து முளைக்கும் புதுக் கன்றுகள் போதிய அளவு வரவில்லை. “இன்னும் சில மரங்கள் பச்சையாக இருக்கின்றனவே” என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் மண்ணைத் தோண்டி, வேர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வேர் செத்த இடத்தில், புதுக் கன்றுகளை எழுப்பலாம் என்று கோடரியை எடுத்தால், மிஞ்சியிருப்பதையும் இழப்பீர்கள்.

அடுத்த தவறு நல்லெண்ணத்தில் பிறப்பது: இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டுவது. தண்டின் நுனியில் உருவாகும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் வேருக்கு இறங்கி, கன்று விடாதபடி அடக்கி வைக்கிறது. தண்டுகள் நீங்கினால் அந்தத் தடை விலகி, கன்று விடத் தூண்டும் வேரின் ஹார்மோனான சைட்டோகைனின் மேலோங்குகிறது. வெயில் பட்டு மண்ணும் சூடேறுகிறது. கன்றுகள் திரளாகக் கிளம்புகின்றன. பாதி மரங்களை விட்டுவைத்தால் தடையும் பாதி நிற்கும். போதாததற்கு, ஆஸ்பென் பட்டை மெல்லியது. விட்டுவைத்த மரங்கள் வெயிலில் வெந்து, இயந்திரம் உரசிய காயங்களில் பூஞ்சை புகுந்து, சில ஆண்டுகளிலேயே சாகக்கூடும். ஆரோக்கியமான வேருள்ள தோப்பில் ஒரு பகுதியைத் தேர்ந்து முழுமையாக வெட்டுவதே, பார்க்கக் கடுமையாக இருந்தாலும், கருணை. ஊசியிலை மரங்கள்தான் சிக்கல் என்றால் அவற்றை மட்டும் அகற்றுவதும் பலன் தரும்.

ஆனால், இவ்வளவும் செய்துவிட்டு மான்களை மறப்பவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எல்க் மான்களுக்கும் மியூல் மான்களுக்கும் கால்நடைகளுக்கும் இளங்கன்று விருப்பமான தீனி. சிறு திட்டு ஒன்றை மட்டும் வெட்டினால், சுற்றுவட்டார மான்களெல்லாம் அங்கேயே கூடும். ஆண்டுதோறும் நுனி கடிபட்டால் கன்று மேலெழாது. அதை முளைக்கவைத்த வேரின் சேமிப்பும் வீணாகும். பாண்டோவில் 2013, 2014 ஆண்டுகளில் இரு பகுதிகளுக்கு வேலி போட்டார்கள். மான்கள் அண்டாத பகுதியில் கன்றுகள் எழுந்தன. வேலியைத் தாண்டி அவை நுழைந்த பகுதியில் மீட்சி தடைப்பட்டது. வேலி போட்டால் மட்டும் போதாது. அதைச் சுற்றிவந்து பழுது பார்க்க ஆளும் பணமும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். வேலி கட்டுப்படியாகாத இடத்தில் வெட்டும் பரப்பைப் பெரிதாக்கலாம். மேய்ச்சலைச் சில ஆண்டுகள் நிறுத்தலாம்.

கன்று விடும் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருப்பதால் ஈர மண்ணில் கனரக இயந்திரம் ஓட்டாதீர்கள். நிலம் உறைந்த குளிர்காலம் அதற்கு ஏற்றது. வெட்டிய கிளைகளைத் தடிமனாகக் குவித்தால் மண் சூடேறாது. கன்று வரவில்லை என்றதும் வாங்கி நடுவதும் எளிதில் கைகொடுப்பதில்லை, தாய்வேரின் துணையின்றி அவை நிற்பது கடினம்.

முதல் கோடையில் கன்றுகளை எண்ணிவிட்டு வெற்றி என்று எழுதிவைப்பதையும் பார்க்கிறோம். அப்போது எண்ணிக்கை பெரும்பாலும் பிரமாதமாகவே இருக்கும். எண்ண வேண்டியது, எல்க்கின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு நுனியைக் கொண்டுபோன கன்றுகள் எத்தனை என்பதை. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வேலியைப் பிரிக்க வேண்டாம்.